வேதப்புரட்டு

திருச்சபையின் கொள்கைக்கு மாறான போதனையைத் தமிழில் ‘வேதப்புரட்டு’ என்பார்கள். அதையே ஆங்கிலத்தில் ‘ஹெரசி’ என்று வழங்குவதற்கு மூலம் ‘ஹைரெசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல். தேர்ந்துகொள்வது என்பது வேர்ப்பொருள். தத்துவத்திலோ மருத்துவத்திலோ ஒருவர் விரும்பிச் சேர்ந்த மரபையும் கிரேக்கர் அப்படித்தான் அழைத்தார்கள். அதில் இழிவு ஏதும் இல்லை.

புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே அந்தச் சொல் நிறம் மாறுகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் அதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அப்போஸ்தலர் 5:17-ல் ‘சதுசேய சமயத்தார்’ என்று வெறுமனே ஒரு யூதப் பிரிவின் பெயர். 24:5-ல் தெர்த்துல்லு பவுலின்மேல் குற்றஞ்சாட்டும்போது ‘மதபேதம்’. கலாத்தியரில் மாம்சத்தின் கிரியைகளோடு, அதாவது பாவச் செயல்களோடு, ‘மார்க்கபேதங்கள்’. 2 பேதுரு 2:1-ல் ‘வேதப்புரட்டுகள்’. மூலத்தில் எல்லாம் ஒரே சொல்தான். யார் வாயில், எந்தத் தொனியில் வருகிறது என்று பார்த்துப் பெயர்த்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் பிற்காலச் சபை வரலாற்றுக்கு ‘வேதப்புரட்டு’ முழுதாகப் பொருந்தவில்லை. புரட்டு என்றால் பித்தலாட்டம். அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுவோ தாம் சொன்னதை மெய்யாகவே நம்பியவர். கடவுளின் குமாரனாகிய கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்பதற்கு வேதவசனங்களையே ஆதாரம் காட்டினார். 325-ல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் அதற்கு மறுப்பாக வகுத்ததுதான், கத்தோலிக்கர் இன்றும் திருப்பலியில் அறிக்கையிடும் ‘உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்ற வரி. கொள்கைக் காவல் என்பது பல நேரங்களில் இப்படி ஓரிரு சொற்களில் வந்து நிற்கும்.

தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இதே பொருளில் ‘பேதகம்’, ‘தப்பறை’ என்ற சொற்களும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியின் சீர்திருத்தச் சபையினரான லுத்தரன்கள் ‘திருச்சபைப் பேதகம்’ எழுத, கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர் ‘பேதகமறுத்தல்’ என்று பதில் எழுதினார். பேதகம் யாருடையது என்பதுதான் வழக்கே! தவறான போதனையைக் குறிக்க எனக்குத் ‘தப்பறை’ பிடிக்கும். அது போதனையைச் சாடுகிறது, போதித்தவரின் நோக்கத்தைத் துருவுவதில்லை. சபையை விட்டுத் தனியே போவது வெறும் பிரிவினை. விசுவாசத்தையே கைவிடுவது மறுதலிப்பு. இவற்றைத் தப்பறையோடு குழப்ப வேண்டாம். ஆலயத்தில் டிரம்ஸ் வாசித்தவரை வேதப்புரட்டன் என்பது வெறும் வசை.

தீத்து 3:10-ஐப் பழைய மொழிபெயர்ப்பு ‘வேதப்புரட்டனாயிருக்கிற ஒருவன்’ என்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்போ பிளவு ஏற்படுத்துவோரைப் பற்றிப் பேசுகிறது. கட்சி கட்டுபவன் என்ற கிரேக்கப் பொருளுக்கு இதுவே நெருக்கம்.