'அமூர்' ஏன் 'அமெர்' ஆகவில்லை?

பிரெஞ்சில் காதலுக்கு 'அமூர்' என்று பெயர். லத்தீன் 'அமோர்'தான் அதன் மூலம். ஆனால் பிரெஞ்சின் ஒலிவிதிப்படி அந்தச் சொல் இந்த வடிவத்தில் வந்திருக்கவே கூடாது.

பேச்சு லத்தீன் வடபிரான்சில் பழைய பிரெஞ்சாக மாறியபோது ஓகாரம் ஒழுங்கான வழியில் திரிந்தது. அசையில் அழுத்தம் விழுந்து, அந்த அசை மெய்யொலியில் முடியாமலும் இருந்தால், 'ஓ' இரண்டு உயிரொலிகளாகப் பிளந்து, கடைசியில் உதட்டைக் குவித்து 'எ' சொன்னால் வரும் ஒலியாக நின்றது. மலரைக் குறித்த 'ஃப்ளோரெம்' ஃப்ளெர் ஆனது. வலியைக் குறித்த 'தொலோரெம்' தூலெர் ஆனது. அழுத்தம் விழாத ஓகாரமோ 'ஊ' ஆனது. 'தூலெர்' என்பதிலேயே இரண்டு மாற்றங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன, பாருங்கள்!

அப்படியானால் 'அமோர்' என்பதன் செயப்படுபொருள் வடிவமான 'அமோரெம்' என்பது 'அமெர்' ஆகியிருக்க வேண்டும். பலரும் ஏற்கும் விடை தெற்கே இருக்கிறது. அங்கே பேசப்பட்ட ஆக்சிதான் மொழியில் ஓகாரம் பிளக்கவில்லை. அந்த மொழியில்தான் துருபதூர் கவிஞர்கள் பாடினார்கள். பாடல்கள் கிடைத்திருப்பவர்களில் மூத்தவர் தென்மேற்குப் பிரான்சின் அக்கித்தேன் பகுதிக் கோமகன் ஒன்பதாம் கியோம் (1071–1126). தலைவனுக்கு வீரன் பணிவதுபோல் ஒரு சீமாட்டிக்குக் காதலன் பணிந்து ஏங்கும் உறவை இக்கவிஞர்கள் 'ஃபின் அமோர்' என்றார்கள். கியோமின் பேத்தி அலியெனோர் 1137-இல் பிரான்ஸ் மன்னர் ஏழாம் லூயியை மணந்தார். அவர்களின் மகள் மரி, வடகிழக்குப் பிரான்சின் ஷம்பாஞ் பகுதிச் சீமாட்டி. ஆர்தர் மன்னனின் வீரனான லான்சலாட்டின் காதல் கதைக்குப் பொருள் தந்தது இவரே என்று அதைப் பாடிய கிரெத்தியன் த துருவா சொல்கிறார். பாட்டு வடக்கே பரவியபோது சொல்லின் தெற்கத்திய உச்சரிப்பும் கூடவே போனது என்பது விளக்கம்.

காதல் வயப்பட்டவரைக் குறிக்கும் 'அமூரே' என்ற சொல்தான் 'அமூர்' வடிவத்தைக் காத்தது என்றும் ஒரு கருத்து உண்டு. அதில் அழுத்தம் கடைசி அசைக்குப் போவதால் 'ஊ' வருவது இயல்பு. ஆனால் வலி மிகுந்தது என்று பொருள்படும் 'தூலூரே' பக்கத்திலேயே இருந்தும் 'தூலெர்' மாறவில்லையே! அதனால் தெற்கத்தியக் கவிஞர்கள் வழியே வந்தது என்ற விடையே எனக்கு வலுவாகப் படுகிறது.

அப்புறம், இந்தச் சொல்லுக்குப் பால் மாற்றமும் உண்டு. லத்தீனில் ஆண்பால், பழைய பிரெஞ்சில் பெண்பால். பிற்காலத்தில் லத்தீனைப் பார்த்து மறுபடி ஆண்பாலாக்கினார்கள். 1647-இல்கூட இலக்கணி வோழ்லா பெண்பாலையே விரும்பினார். இன்று ஒருமையில் ஆண்பால். இலக்கிய நடையில் பன்மையாக வரும்போது மட்டும் பெண்பால்.