அமெரிக்க பிரைமரியில யாரு ஓட்டு போடலாம், போட்ட ஓட்டுக்கு என்ன ஆகும்? 2008 ஒபாமா–ஹிலாரி போட்டியை வச்சு ஒரு விளக்கம்

அமெரிக்க அதிபர் தேர்தல் நவம்பர்லதான். ஆனா அதுக்கு முன்னாடி கட்சியோட வேட்பாளர் யாருன்னு முடிவு பண்றதுக்கே மாசக்கணக்குல மாநிலம் மாநிலமா ஒரு தேர்தல் ஓடும், அதுதான் பிரைமரி. 2008ல டெமாக்ரட்டிக் கட்சிக்கு இது ஜனவரி 3 அயோவால ஆரம்பிச்சு ஜூன் 3 மொன்டானா, சவுத் டகோட்டா வரைக்கும் இழுத்துச்சு. ஒபாமாவுக்கும் ஹிலாரிக்கும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி ஓட்டு. அஞ்சு மாசம் வோட்டர்ங்களுக்குள்ள ஒரே சண்டை, அந்த சண்டையில பாதி யார் நல்லவங்கங்கிறதப் பத்தியே இல்ல, எந்த ஓட்டை எப்படி எண்ணணும்ங்கிறதப் பத்திதான். அதனால ரூல்ஸ் புரியாம இந்த மாதிரி ரேஸ் எதுவுமே புரியாது.

முதல்ல ஒண்ணு, பிரைமரியை எப்படி நடத்தணும்னு அமெரிக்க அரசியல் சட்டம் எதுவும் சொல்லல. மாநில சட்டம் பாதி, கட்சி விதி பாதின்னு சேந்து ஓடுற விஷயம் இது. 1968ல அப்போ துணை அதிபரா இருந்த ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில கூட போட்டி போடாமலே டெமாக்ரட்டிக் வேட்பாளர் ஆயிட்டாரு, வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கிற கட்சி மாநாடு சிகாகோவுல நடந்தப்ப உள்ளயும் சண்டை, வெளிய தெருவுலயும் அடிதடி, அதுக்கப்புறம்தான் கட்சி ஒரு கமிஷன் போட்டு வோட்டர் சொல்றதுதான் முக்கியம்னு விதியை மாத்துச்சு.

யாரு போடலாம்? குடியுரிமை இருக்கணும், கிரீன் கார்டு செல்லாது. அதுக்கு மேல மாநிலத்துக்கு மாநிலம் வேற. டெக்சாஸ், இண்டியானா மாதிரி இடத்துல கட்சியில பதிவு பண்ணியிருக்கணும்னு இல்ல, நேரா போய் எந்தக் கட்சி பிரைமரி வேணுமோ அதுல போடலாம். பென்சில்வேனியா, நியூயார்க் மாதிரி இடத்துல அந்தக் கட்சிக்காரர்னு முன்னாடியே பதிவு பண்ணியிருந்தாத்தான் ஓட்டுச் சீட்டே தருவாங்க. நியூயார்க்ல 2016 பிரைமரி ஏப்ரல்ல நடந்துச்சு, ஆனா கட்சி மாத்திக்க கடைசி தேதி அதுக்கு முந்தின அக்டோபர்! ட்ரம்ப்போட சொந்தப் பிள்ளைங்க இவாங்காவும் எரிக்கும் அந்தத் தேதியை விட்டுட்டு அப்பாவுக்கே ஓட்டு போட முடியாம போச்சு. பிறகு அந்த கெடுவை பிப்ரவரிக்குத் தள்ளிட்டாங்க.

கலிஃபோர்னியா நடுவுல நிக்குது. 2008ல எந்தக் கட்சியும் சேராதவங்க டெமாக்ரட்டிக் பிரைமரியில போடலாம், ரிபப்ளிகன்ல முடியாது. ஆனா லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில அவங்க சீட்டுல வேட்பாளர் பேருக்கு ஒண்ணு, கட்சிக்குத் தனியா ஒண்ணுன்னு ரெண்டு வட்டம் நிரப்பணும்னு வச்சிருந்தாங்க, ரெண்டாவதை விட்டவங்க ஆயிரக்கணக்குல, அந்த ஓட்டை எண்ணுறதா வேணாமான்னு பெரிய பிரச்சினை ஆயிடுச்சு.

பல மாநிலத்துல நவம்பர் தேர்தலுக்குள்ள 18 வயசு ஆயிடும்னா 17 வயசுலயே பிரைமரியில போட விடுவாங்க. போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு இன்னும் விசித்திரம், அவங்க அமெரிக்கக் குடிமக்கள்தான், பிரைமரியில ஓட்டு உண்டு, நவம்பர்ல அதிபருக்கு ஓட்டு கிடையாது. வெளிநாட்டுல இருக்கிற அமெரிக்கக் குடிமக்களுக்கும் டெமாக்ரட்டிக் கட்சியில ஒரு தனி பிரைமரி இருக்கு, மாநிலம் மாதிரியே கட்சி மாநாட்டுக்கு டெலிகேட், அதாவது பிரதிநிதி, அனுப்புவாங்க, அதனால அமெரிக்க பாஸ்போர்ட்டோட சென்னையில வந்து செட்டில் ஆனவங்களும் போடலாம்.

அடுத்து காக்கஸ். இது ஓட்டுப் பெட்டி இல்ல, கூட்டம். 2008 அயோவால டெமாக்ரட்டுங்க சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்துலயோ சர்ச்சுலயோ கூடி அவங்கவங்க ஆளுக்குன்னு எல்லார் முன்னாடியும் தனித்தனியா கும்பலா நின்னாங்க, உங்க ஆளுக்கு பெரும்பாலான இடத்துல 15 சதவீதம் தேறலன்னா நீங்க வேற கும்பலுக்குப் போகலாம், மத்தவங்க வந்து கூப்பிடுவாங்க, கெஞ்சுவாங்க. பாக்க ஜனநாயகம் மாதிரி ரொம்ப அழகா இருக்கும், ஆனா நைட் ஷிஃப்ட் நர்சும் கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களும் அங்க எப்படி வருவாங்க? நெவாடால இதுக்காகவே லாஸ் வேகஸ் கேசினோவுக்குள்ளயே ஷிஃப்ட் ஆளுங்களுக்கு தனி காக்கஸ் வச்சாங்க, அதையும் எதிர்த்து கேஸ் போட்டாங்க, கோர்ட் ஒத்துக்கல.

காக்கஸ் எவ்வளவு வித்தியாசம் பண்ணும்னு பாக்கணும்னா வாஷிங்டன் மாநிலம்தான் நல்ல உதாரணம். அதே மாசம், அதே மாநிலம், காக்கஸும் நடந்துச்சு, பிரைமரியும் நடந்துச்சு. காக்கஸ்ல ஒபாமா ரெண்டு மடங்குக்கு மேல ஜெயிச்சாரு, பத்து நாள் கழிச்சு பிரைமரியில அஞ்சு சதவீத வித்தியாசம்தான். பிரைமரிக்கு வந்தது காக்கஸ் மாதிரி ரெண்டு மடங்குக்கும் மேல ஜனம், ஆனா கட்சி கணக்குல எடுத்துக்கிட்டது காக்கஸை மட்டும். ஹிலாரி ஆளுங்க கொதிச்சதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா விதி முன்னாடியே எல்லாருக்கும் தெரியும், ஒபாமா டீம் அதைப் படிச்சிட்டு காக்கஸ் மாநிலத்துல எல்லாம் ஆள் போட்டு வேலை பண்ணுச்சு, ஹிலாரி டீம் அந்த அளவுக்குப் பண்ணல.

இப்ப டெலிகேட் கணக்கு. போடுற ஓட்டு நேரா வேட்பாளருக்குப் போறதில்ல, கட்சி மாநாட்டுக்குப் போற டெலிகேட்டுங்களா மாறுது. டெமாக்ரட்டிக் விதிப்படி 15 சதவீதம் தாண்டினவங்களுக்கு விகிதப்படி பிரிச்சுத் தரணும், மாநில அளவுல கொஞ்சம், தொகுதி வாரியா கொஞ்சம். ரெண்டு பேர்தான் போட்டின்னு வைங்க, நாலு டெலிகேட் இருக்கிற தொகுதியில ஒருத்தர் 60 சதவீதம் வாங்கி பெரிசா ஜெயிச்சாலும் ஆளுக்கு ரெண்டுதான், மூணு வேணும்னா 62.5க்கு மேல போகணும். அஞ்சு டெலிகேட் தொகுதியில எதிராளியை விட ஒரே ஒரு ஓட்டு அதிகமா வாங்கினாலே மூணு. அதனால சில தொகுதியில உயிரைக் கொடுத்து உழைச்சாலும் பிரயோஜனம் இல்ல, சில தொகுதியில நூலிழையிலயே லாபம்.

டெக்சாஸ்ல பகல்ல பிரைமரி, அதுல ஓட்டு போட்டவங்களுக்கு மட்டும் அதே நாள் ராத்திரி காக்கஸ். பிரைமரியில ஹிலாரி ஜெயிச்சாங்க, டிவியில கொண்டாட்டம். ஆனா மொத்த டெலிகேட் ஒபாமாவுக்கு 99, ஹிலாரிக்கு 94. நெவாடாலயும் ஹிலாரிதான் ஜெயிச்சாங்க, ஆனா டெலிகேட் ஒபாமாவுக்குத்தான் அதிகம். ரிபப்ளிகன் பக்கம் அப்போ பல மாநிலத்துல ஜெயிச்சவருக்கே மொத்தமும், அதனால அந்தக் கட்சியில ஜான் மெக்கெய்ன் மார்ச் 4லயே வேட்பாளர் இடத்தைப் பிடிச்சிட்டாரு. டெமாக்ரட்டுங்க போட்டி ஜூன் வரை இழுத்ததுக்கு ரெண்டு பேரோட பிடிவாதம் மட்டும் காரணம் இல்ல, விகிதக் கணக்குல முந்துறதும் கஷ்டம், பின்னாடி போனவர் எட்டிப் பிடிக்கிறதும் கஷ்டம். எனக்கு விகித முறைதான் சரின்னு படுது, லேட் ஆனா ஆகட்டும்.

வோட்டர்ங்க என்ன சொன்னாங்க? கருப்பின மக்களும் இளைஞர்களும் காலேஜ் படிச்சவங்களும் பெரும்பாலும் ஒபாமா பக்கம், வயசான பெண்கள், வெள்ளைக்காரத் தொழிலாளிங்க, லத்தீனோக்கள் பெரும்பாலும் ஹிலாரி பக்கம். 2002ல ஈராக் போருக்கு செனட்ல ஓட்டு போட்டது ஹிலாரிக்கு பெரிய கறை. ஹெல்த் இன்சூரன்ஸ் எல்லாருக்கும் கட்டாயம்னு ஹிலாரி, பெரியவங்களுக்கு கட்டாயம் வேணாம்னு ஒபாமா. ஏப்ரல் கடைசியில பெட்ரோல் விலை ஏறினப்ப மத்திய அரசு வரி கேலனுக்கு 18.4 சென்ட்டை கோடைக்கு நிறுத்தலாம்னு ஹிலாரி சொல்ல, இது வெறும் வேடிக்கைன்னு ஒபாமா சொன்னாரு. இதெல்லாம் நேர்மையான கருத்து வேறுபாடு. ஆனா மார்ச்சுக்கு அப்புறம் ஒரு கூட்டம் "கணக்கு முடிஞ்சு போச்சு, ஹிலாரி விலகணும்"ன்னுச்சு, இன்னொரு கூட்டம் "எங்க மாநிலத்துல இன்னும் ஓட்டே நடக்கல, அதுக்குள்ள எப்படி முடியும்?"ன்னுச்சு. ரெண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சு யாரும் ஒழுங்கா பதில் சொல்லல. பல வருஷத்துக்கு அப்புறம் 2008லதான் இண்டியானா, நார்த் கரோலினா வோட்டருக்கெல்லாம் மரியாதை கிடைச்சுச்சு.

மிச்சிகனும் ஃப்ளோரிடாவும் கட்சி சொன்ன தேதிக்கு முன்னாடியே பிரைமரி வச்சதால அவங்க டெலிகேட் எல்லாத்தையும் கட்சி ரத்து பண்ணுச்சு. மிச்சிகன் சீட்டுல ஒபாமா தன் பேரையே எடுத்துட்டாரு, ஹிலாரிக்கு 55 சதவீதம், யாருக்கும் உறுதி இல்லைங்கிற கட்டத்துக்கு 40 சதவீதம். இது நம்ம நோட்டா மாதிரி இல்ல, இதுக்கும் டெலிகேட் உண்டு. 2024ல காசா விஷயத்துல பைடன் மேல கோவமா இருந்தவங்க அதே மிச்சிகன்ல இந்தக் கட்டத்துல ஒரு லட்சத்துக்கு மேல ஓட்டு குத்தினாங்க. 2008ல கடைசியா மே 31 அன்னைக்கு கட்சிக் கமிட்டி உக்காந்து ரெண்டு மாநில டெலிகேட்டுக்கும் அரை ஓட்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, வெளிய கூச்சல், ஆகஸ்ட்ல எல்லாம் அடங்கினப்புறம் முழு ஓட்டாவே குடுத்துட்டாங்க.

இதுக்கு மேல சூப்பர் டெலிகேட், அதாவது எம்.பி., கவர்னர், கட்சிப் பொறுப்பாளர்னு யாரும் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்காத டெலிகேட். 2008ல 800க்கு பக்கமா இருந்தாங்க, ரெண்டு பேருக்கும் பெரும்பான்மை பத்தாததால முடிச்சு வச்சது இவங்கதான். இந்த எரிச்சல் 2016ல இன்னும் ஏறி, 2018ல விதி மாறுச்சு, போட்டி இருக்கிற மாநாட்டுல முதல் சுத்துல இவங்களுக்கு ஓட்டு கிடையாது.

ஒண்ணு மட்டும் இன்னும் மாறல. உங்க ஆள் பாதியில விலகிட்டா, பெரும்பாலான மாநிலத்துல போட்ட ஓட்டை மாத்திப் போட முடியாது. ஜான் எட்வர்ட்ஸ் 2008 ஜனவரி 30ல விலகினப்ப, பிப்ரவரி 5 பிரைமரிக்கு கலிஃபோர்னியாவுல அவருக்குத் தபால் ஓட்டு ஏற்கனவே அனுப்பிட்டவங்களுக்கு மறு வாய்ப்பு இல்ல. கமலா ஹாரிஸ் 2019 டிசம்பர்லயே, ஒரு மாநிலம் கூட ஓட்டு போடுறதுக்கு முன்னாடி விலகிட்டாங்க, அதனால அவங்க ஆதரவாளருங்களுக்கு வேற ஆளைத் தேட டைம் இருந்துச்சு. வேட்பாளருங்க நெறைய இருக்கிற வருஷத்துல தபால் ஓட்டு வந்த அன்னைக்கே நிரப்பி அனுப்பாம, முந்தின மாநில முடிவு வர்ற வரைக்கும் வச்சிருந்து, கடைசி தேதிக்குள்ள போய்ச் சேர்ற மாதிரி அனுப்புங்க.