பாராக நிற்கும் பஞ்சுகள்

காசிமேட்டில் மீனவர்களுக்கு இது பாலபாடம்: பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும் இடத்தில் மீன் இருக்கும். வெறும் சேற்றில் ஒதுங்க இடமில்லை, பாறையில் உண்டு. திருவொற்றியூர்ப் பக்கம் கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல்லிலேயே சிப்பி ஒட்டி, இடுக்கில் நண்டு குடியேறிவிடுகிறது.

அன்டார்டிக் கடலில் கல் கொட்டுவது லாரி அல்ல, பனிப்பாறை. பனியாறு நிலத்தில் பெயர்த்த கற்கள் அதற்குள் உறைந்து கிடக்கும். கடலில் அது உருக உருக ஒவ்வொன்றாகச் சேற்றில் விழும். ஒரு கல் போதும், கடற்பஞ்சின் குஞ்சு வந்து ஒட்டிக்கொள்ளும். பஞ்சு என்றாலும் அது விலங்குதான். உடம்பெங்கும் உள்ள துளைகளால் தண்ணீரை இழுத்து, பாக்டீரியாவை வடிகட்டித் தின்றுவிட்டு, உச்சித் துளை வழியே வெளியே தள்ளும்.

தரையோடு தரையாக நீரோட்டம் மந்தம். கொஞ்சம் மேலே போனால் வேகம் கூடும், இரையும் கூடும். அதனால்தான் நட்சத்திர மீனின் உறவான இறகு நட்சத்திரங்கள் பஞ்சின் தலையில் ஏறி உட்காருகின்றன. சில மீன்கள் அதன் குழிக்குள் முட்டையிடும். இப்படி, பார் இல்லாத இடத்தில் பஞ்சே பாராகிவிடுகிறது.

இவற்றில் கண்ணாடிப் பஞ்சின் எலும்புக்கூடு முழுக்க சிலிக்கா ஊசிகள். பஞ்சு செத்தாலும் ஊசிகள் அழுகாது. அன்டார்டிகாவின் மெக்மர்டோ நீரிணையில் இந்த ஊசிப் படுகை சில இடங்களில் ஒரு மீட்டர் தடிமனையும் தாண்டும். அதற்குள்ளே புழுக்களும் சிறு சிப்பிகளும் தனி ஊராக வாழ்கின்றன.

ஆபத்தும் பனியால்தான். சுமார் −1.9 டிகிரியில் கடல்நீர் உறையும்போது, ஏறக்குறைய 30 மீட்டர் ஆழம் வரை தரையிலேயே பனி படியும். பனி மிதக்கும் பொருள் அல்லவா? மேலே கிளம்பும்போது பஞ்சையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும். பெரிய பனிப்பாறை தரைதட்டி நகர்ந்தால் உழுத வயல்தான்.

மறுபடி வளர எவ்வளவு காலம்? ஆர்க்டிக்கின் லாங்செத் மலைத்தொடரில், எப்போதோ அழிந்துபோன குழாய்ப்புழுக்களின் மிச்சத்தைத் தின்று வாழும் பஞ்சுகளின் சராசரி வயது 300 ஆண்டு. ஆனால் அன்டார்டிகாவில், 1995-இல் உடைந்த லார்சன்-ஏ என்ற மிதக்கும் பனித்தட்டுக்கு அடியில் இருந்த தரையில், 2007-க்கும் 2011-க்கும் இடையிலேயே கண்ணாடிப் பஞ்சுகள் மூன்று மடங்காகிவிட்டன. மேலே பனி விலகியதும் வெயில் பட்டு நுண்பாசி பெருகியது, கீழே இரை இறங்கியது. ‘மெதுவாகத்தான் வளரும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது.

அன்டார்டிக் கடலில் தூண்டில் கயிற்றின் 1,000 கொக்கிகளுக்கு 10 கிலோ அல்லது 10 லிட்டர் அளவுக்குப் பஞ்சும் பவளமும் சிக்கினால், சுற்றி ஒரு கடல் மைல் மீன்பிடிப்புக்கு மூடப்படும். நம் கரையில் தடைக்காலம் 61 நாள். அந்த வட்டத்துக்குத் திறப்புத் தேதி குறிப்பதில்லை. அன்டார்டிக் கடல் உயிர்வளங்களைக் காக்கும் பன்னாட்டு ஆணையம் மறுபடி ஆராயும் வரை மூடியேதான் கிடக்கும்.