கட்டம்: ஒரு சட்டைக்கு எத்தனை பெயர்?

பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து, குறிச்சொல் போட்டு அடுக்கும் வேலையில் நாலைந்து பேராக இறங்கினோம். ஒரே சட்டை மூன்று படங்களில் இருந்தது. ஒருவர் ‘செக்டு ஷர்ட்’ என்று குறித்திருந்தார், இன்னொருவர் ‘கட்டம்’ என்று, மூன்றாமவர் ‘பிளெய்ட்’ என்று. யாரும் தப்பாகக் குறிக்கவில்லை. ஆனால் பிற்பாடு தேடியபோது மூன்று படமும் மூன்று மூலையில் கிடந்தன. போதாக்குறைக்கு ‘கட்டம்’ என்று தேடியவருக்குச் சட்டைக்கு முன்னால் ஒரு ஜாதகம் வந்து நின்றது.

முதலில் ‘செக்’கைப் பார்ப்போம். இதன் வேர் பாரசீகத்தில் இருக்கிறது. ‘ஷா’ என்றால் அரசன். சதுரங்கத்தில் அரசனுக்கு ஆபத்து என்று எச்சரிக்கும் அந்தச் சொல் அரபு வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போனது, அங்கே சதுரங்கப் பலகைக்கும் அதிலிருந்தே பெயர் பிறந்தது. ஆங்கிலத்துக்கு வந்ததும் பலகையைப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும் எதுவும் ‘செக்’ ஆகிவிட்டது. இடைக்கால இங்கிலாந்தில் கட்டம் போட்ட துணியை மேசையில் விரித்து, அதன்மேல் காய்களை நகர்த்தி அரசு வரவு செலவைக் கூட்டிப் பார்த்தார்கள். அந்நாட்டுக் கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது அப்படித்தான். நாம் வங்கியில் கொடுக்கும் செக்கும் இதே குடும்பம்தான்.

இதற்குத் தமிழ்ச் சொல் தேடி யாரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. கட்டம் போட்ட சட்டை, கட்டம் போட்ட லுங்கி என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். ஒரே சிக்கல், இந்தச் சொல் ரொம்பவும் உழைக்கிறது. தாயம் ஆடுவது கட்டத்தில், ராசி எழுதுவது கட்டத்தில், குறுக்கெழுத்துக்கு விடை நிரப்புவது கட்டத்தில். தேர்தல் பல கட்டமாக நடக்கும், பேச்சுவார்த்தை இறுதிக்கட்டத்தை எட்டும். பத்திரிகையில் முக்கியமான செய்தியைக் கட்டம் கட்டிப் போடுவார்கள். கட்சியில் ஒருவரை ‘கட்டம் கட்டிவிட்டார்கள்’ என்றால் அவர் கதை முடிந்தது. நான்கு பக்கமும் எல்லை போட்டு அடைத்த இடம் என்ற பொருள் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஓடுகிறது. பேச்சில் இது தொல்லையே இல்லை, பக்கத்துச் சொல் காப்பாற்றிவிடும். குறிச்சொல்லுக்குப் பக்கத்துச் சொல் கிடையாது. அதனால் தனியாகக் ‘கட்டம்’ என்று போடாமல் ‘கட்டம் போட்ட துணி’ என்றே போடலாம் என்பது என் கட்சி. ‘கட்டமிட்ட’ என்று எழுதினால் கொஞ்சம் புலமையாக இருக்கும். ஆனால் தேடுகிறவர் வாயில் ‘போட்ட’ என்றுதான் வரும்.

சரி, ‘பிளெய்ட்’? ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘பிளைடெ’ என்பது கம்பளிப் போர்வை. அங்கே இன்றும் தோளில் போடும் நீளத் துணியைத்தான் பிளெய்ட் என்பார்கள், அதில் இருக்கும் கட்ட அமைப்புக்கு ‘டார்ட்டன்’ என்று பெயர். அமெரிக்கர்கள் உடையின் பெயரை எடுத்துக் கட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். ஆகவே ஒரு படத்தில் ‘பிளெய்ட்’ என்று இருந்தால், குறித்தவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமல் அது போர்வையா கட்டமா என்று சொல்ல முடியாது. டார்ட்டன் விஷயம் இன்னும் கறார். எந்த நிறம் எத்தனை இழை, எந்த வரிசையில் திரும்பத் திரும்ப வரும் என்பதுவரை எழுதிவைக்கும் அரசுப் பதிவேடே 2009 முதல் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ஈரோட்டில் வாங்கிய சட்டையை டார்ட்டன் என்று குறிப்பது, வழியில் போகிறவரை நம் குலத்தில் சேர்ப்பது மாதிரி.

‘கிங்கம்’ என்ற பெயரின் கதை இதைவிட வேடிக்கை. மலாய் மொழியின் ‘கெங்காங்’ என்ற சொல்லுக்குக் கோடு போட்டது என்று பொருள். டச்சு வியாபாரிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல், போன இடத்தில் கோட்டை விட்டுக் கட்டத்துக்கு மாறிவிட்டது. இன்று கிங்கம் என்றால் வெள்ளையும் இன்னொரு நிறமும் கலந்த சின்னக் கட்டம்.

கோடு கட்டமாவது தறியில் பெரிய மாயம் இல்லை. பாவில் மட்டும் நிறம் மாற்றி இழை கட்டினால் நெடுக்கே கோடு விழும். ஊடையில் மட்டும் மாற்றினால் குறுக்கே விழும். இரண்டிலும் மாற்றினால் கட்டம். சிவப்புப் பாவும் மஞ்சள் ஊடையும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் தெரியும், கட்டத்தின் அழகே அங்கேதான். இப்போது இதே கட்டத்தைத் துணிமேல் அச்சடித்தும் விற்கிறார்கள். கையில் எடுத்துப் புரட்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும், அச்சு என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும். படத்தில் எப்படிப் புரட்டுவது? எனவே நெய்ததா அச்சா என்பதைப் படத்தை மட்டும் பார்த்துக் குறிக்கவே கூடாது.

குறிச்சொல் எவ்வளவு நுணுக்கமாக இருக்கலாம் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதிலிருந்துதான் வருகிறது. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, யாராவது சொன்னால் மட்டுமே தெரிவது இன்னொன்று. கட்டம் என்பது முதல் வகை. பெரிய கட்டம், சின்னக் கட்டம், இரண்டு நிறம், சாய்ந்த கட்டம் எல்லாம் அதே வகை. கண்டாங்கி, டார்ட்டன், மெட்ராஸ் என்பவை இரண்டாம் வகை, அவை ஊரையும் நெய்தவரையும் பற்றிய கூற்றுகள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். மங்கலான ஒரு படத்தில் பட்டைக் கரையும் கட்டமும் தெரிகிறது என்பதற்காக அந்தப் பெயரை ஒட்டிவிட முடியாது.

இதற்கு மெட்ராஸே நல்ல சாட்சி. சென்னையைச் சுற்றி நெய்த கட்டத் துணி கடல் கடந்து போனபோது ஊர்ப் பெயர் துணியின் பெயராகிவிட்டது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் அந்தத் துணியை ‘இஞ்சிரி’ என்று அழைத்து, சடங்குகளுக்கு உடுத்தினார்கள். அதோடு விடவில்லை. சில இழைகளை மட்டும் வெட்டி உருவி, கட்டத்துக்குள்ளேயே புதுக் கோலம் உண்டாக்கினார்கள். ‘பெலெடெ பிடெ’ என்று அதற்குப் பெயர். இந்தத் துணி உடுத்திய ஒருவரின் படத்துக்கு ‘பிளெய்ட்’ என்று மட்டும் போட்டால் இவ்வளவும் போய்விடும். ‘மெட்ராஸ்’ என்று மட்டும் போட்டால் நமக்குச் சந்தோஷம், அவர்கள் கைவேலை காணாமல் போகும். அங்கே பெயர் தெரிந்தவர் சொன்னால், ‘பெலெடெ பிடெ’ என்பதே குறிச்சொல்லாக வேண்டும்.

அப்படியானால் கட்டம் என்று தேடுகிறவருக்கு அது கிடைக்குமா? குறிச்சொற்களை மேல் கீழாக அடுக்கியிருந்தால் கிடைக்கும். அமெரிக்காவின் கெட்டி கலை நிறுவனம் கலை, கட்டடக்கலைச் சொற்களுக்காக வைத்திருக்கும் களஞ்சியம் அப்படித்தான் அமைந்திருக்கிறது, விரிந்த சொல்லுக்குக் கீழே நுணுக்கமான சொல். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில், கீழ்ப் பகுப்பில் போட்ட படத்தை மேல் பகுப்பிலும் திணிக்காதே என்றே விதி வைத்திருக்கிறார்கள். இரண்டுமே அடுக்கு இருக்கிறது என்ற தைரியத்தில் செய்வது. நம்மைப் போல எக்செல் தாளில் குறிக்கிறவர்களுக்கு அந்த அடுக்கு கிடையாது, மேல் சொல்லையும் நாமே கூடச் சேர்த்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு தவறு, எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைப்பது. ‘சிவப்புப் பெரிய கட்ட அரைக்கைச் சட்டை’ என்று ஒரு குறிச்சொல்லைப் பார்த்தேன். உலகத்தில் அந்த ஒரு படத்தைத் தவிர வேறெதற்கும் உதவாது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துத் தேவைக்கேற்பக் கோக்கச் சொன்னது. அவர் புத்தகத்துக்குச் சொன்னது சட்டைக்கும் பொருந்துகிறது. உடை: சட்டை. கை: அரைக்கை. கோலம்: கட்டம். நிறம்: சிவப்பு. தனித்தனியாக இருந்தால் எந்த வழியில் வந்தாலும் படம் அகப்படும்.

அப்புறம், நம்மிடம் நுணுக்கமான பெயர்களுக்குப் பஞ்சம் ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்தில் கட்டச் சேலையைக் கொட்டடி என்பார்கள், பொடிக் கட்டம் என்றால் முத்துக்கட்டம். பாலும் பழமும் கட்டம் வேறு இருக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் 30க்கும் மேற்பட்ட துணிப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். அவற்றில் ‘கவற்றுமடி’ என்று ஒன்று. கவறு என்றால் சூதாடும் காய். அதைப் பார்த்ததும் எனக்குக் கட்டம்தான் நினைவுக்கு வந்தது, ஆனால் அது என் கற்பனை. அவர் பெயரைத் தந்தார், படம் இல்லை. நம்மிடம் படம் இருக்கிறது.

அந்த மூன்று படங்களில் இப்போது ‘சட்டை’, ‘கட்டம் போட்ட துணி’, ‘பெரிய கட்டம்’ என்று இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படங்கள், அதனால் நிறத்துக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். சட்டைக்காரரின் தங்கை அது கிளிப்பச்சை என்கிறார். அதைக் குறிச்சொல்லில் போடாமல், அவர் சொன்னதாகவே குறிப்பில் எழுதிவைத்தோம்.