கதைக்கு முன் குரலைக் கேளுங்கள்

பேச்சு, மொழிப் பயிற்சிக்கு என்னிடம் வரும் குழந்தைகளோடு உட்கார்ந்து ஒலிப்புத்தகம் கேட்பதும் என் வேலைதான். எட்டு வயதுப் பையன் ஒருவன், எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் களைத்துப்போவான். அவனுக்காக இரண்டு சிறுமிகளின் நட்பைச் சொல்லும் கதையொன்றை ஓடவிட்டேன். ஒருத்தி வேறு நாட்டிலிருந்து புதிதாக வந்தவள். கதையை வாசித்தவர், அவள் பேசும் இடத்தில் மட்டும் குரலைக் கோணலாக்கி, சொற்களைக் கடித்துக் குதறினார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் அழுத இடத்திலும் சிரித்தான்.

எழுத்தில் அவள் அருமையான தோழி. குரல் அவளைக் கேலிப்பொருளாக்கிவிட்டது. அவன்மேல் தப்பில்லை, எங்கே சிரிக்க வேண்டும் என்று அந்தக் குரல்தானே சொல்லிக்கொடுத்தது? முன்கூட்டியே கேட்டுப் பார்க்காதது என் தவறு.

பெற்றோர் பெரும்பாலும் அட்டைப்படத்தையும் வயது வரம்பையும் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். பல பண்பாட்டுக் குழந்தைகள் வரும் கதையென்றால் அது போதாது. மாதிரி ஒலித்துண்டு இருந்தால் ஐந்து நிமிடம் கேளுங்கள். பெயர்களை அந்த மொழிக்காரர்கள் சொல்வதுபோலச் சொல்கிறாரா, அல்லது விழுங்கிவிட்டு ஓடுகிறாரா? நல்ல வாசிப்பாளர் பதிவுக்கு முன்பே அந்த மொழி பேசுபவர்களிடம் உச்சரிப்பைக் கேட்டுக்கொள்வார். இரண்டு நண்பர்கள் சண்டை போடும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. யார் பேசுகிறார் என்பது கோபத்திலும் தயக்கத்திலும் மூச்சிலும் தெரிய வேண்டும். கொச்சையான உச்சரிப்பை வைத்து ஆளை அடையாளம் காட்டுவது சோம்பேறித்தனம் என்பேன்.

அப்புறம் அதே பையனுக்கு அதே மாதிரிக் கதை, வேறொருவர் வாசித்தது. புதியவள் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் வாசிப்பாளர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு நிதானமாக, அசை அசையாகச் சொன்னார். பையன் மறுபடி போடச் சொன்னான். மூன்றாவது முறை அவரோடு சேர்ந்து அவனும் அந்தப் பெயரைச் சொன்னான். வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் விடவில்லை.

“கேட்டால் படிப்பு வராதே” என்று சிலர் கவலைப்படுகிறார்கள். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: படித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை வாசிக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். ஒலிப்புத்தகம் இரண்டாவதை வளர்க்கும். எழுத்து தெரிய வேண்டுமென்றால் அச்சுப் புத்தகத்தையும் திறந்துவைத்து, விரலால் வரியைத் தொடர்ந்தபடி கேட்கவையுங்கள்.

ஹெட்போன் என்றால் ஒலியளவில் கவனம் தேவை. குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் என்றால் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அறையில் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சேர்ந்து கேட்பதையே நான் விரும்புவேன். யார் எங்கே சிரிக்கிறார் என்பது அப்போதுதான் உங்கள் கண்ணில் படும்.

கதை முடிந்ததும் நீதி என்ன என்று கேட்காதீர்கள். “யார் குரல் பிடித்தது? அந்தப் புதியவளைப்போல ஒரு வரி சொல்லிக் காட்டு” என்று கேளுங்கள். அவள் கேலியாக வருகிறாளா, தோழியாக வருகிறாளா என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.