செய்து முடித்தும் தீராத வேலை

பணியிட மனநல ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் முதலில் சொல்வது வேலைப்பளுவைப் பற்றியல்ல. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தும் எதுவும் மிஞ்சவில்லையே என்பதைத்தான். அதற்குமேல் சொல்லத் தெரியாமல் அவர்கள் தடுமாறும்போது, சமகாலக் கலைப்படைப்புகள் சிலவற்றை நான் காட்டுவதுண்டு.

தைவானில் பிறந்த கலைஞர் தெசிங் ஷியே, 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டுக் காலம், ஆலைகளில் வருகையைப் பதியும் கடிகாரம் ஒன்றை நியூயார்க்கில் தம் அறையில் பொருத்தி, இரவும் பகலும் மணிக்கொருமுறை அட்டையில் நேரத்தைப் பதித்தார். ஒவ்வொரு பதிவின்போதும் ஒரு படம் எடுக்கப்பட்டது. மழித்திருந்த தலையில் முடி நீண்டு வளர்வதைச் அப்படங்களைக் கோத்து உருவான, சில நிமிடங்களே ஓடும் திரைப்படத்தில் காணலாம். 8,760 பதிவுகளில் தவறியவை 133. அவற்றில் 94 உறக்கத்தால் தவறியவை. அந்த ஓராண்டு உழைப்பு எந்தப் பொருளையும் உருவாக்கவில்லை. ஆயினும், ஒரு மணி நேரம்கூடத் தொடர்ந்து உறங்க வழியில்லாத உடல் எப்படித் தோற்கும் என்பதை அந்த 94 என்ற எண்ணைவிடத் தெளிவாகக் கூறும் சான்றை நான் அறியேன். இரவுப்பணி செய்பவர்கள் அதைக் கேட்டதும் தங்கள் உறக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.

சீனக் கலைஞர்களான சுன் யுவான், பெங் யூ இருவரும் 2016-இல் உருவாக்கிய இயந்திரக் கை, தன்னைச் சுற்றிப் பரவும் செந்நிறத் திரவத்தை ஓயாமல் கூட்டிச் சேர்த்தது. அத்திரவம் குறைந்தால் இயந்திரம் இறந்துவிடும் என்று பரவிய செய்தி உண்மையல்ல. அது மின்சாரத்தில் இயங்கியது. இருப்பினும், அதைப் பார்த்துக் கலங்குபவர்கள் பெரும்பாலும் தங்கள் நிலையைத்தான் சொல்கிறார்கள் என்பதால், அந்தக் கலக்கத்தை நான் முழுமையாகக் கேட்கிறேன்.

ஆனால், திரும்பச் செய்ய வேண்டிய வேலையெல்லாம் வீண் என்று முடிவுகட்டுவது தவறு. அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூகலிஸ், 1979-80-இல் நியூயார்க்கின் துப்புரவுப் பணியாளர்கள் சுமார் 8,500 பேரை நேரில் கண்டு கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக நன்றி கூறினார். மறுநாளும் குப்பை சேர்ந்தது. ஆனால் அவ்வுழைப்பு யாருக்கு உதவுகிறது என்பதை ஒருவர் எதிரே நின்று சொன்னார். பல பணியிடங்களில் இல்லாமற்போனது இதுவே என்று கருதுகிறேன்.

பணிச்சோர்வை நோயாக அன்றி, சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாகவே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. எனவே பணியாளரை மட்டும் ஆலோசனைக்கு அனுப்பிவிட்டு, ஓய்வு நேரத்தையும் பணிச்சுழற்சியையும் நிர்வாகம் மாற்றாமல் இருப்பது பயன் தராது. உறக்கம் தொடர்ந்து கெடுவதும் வேலையிலிருந்து மனம் விலகுவதும் வாரக்கணக்கில் நீடித்தால் ஆலோசகரை நாடுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலும் அன்றே மருத்துவரைச் சந்தியுங்கள்.