எஞ்சினியர்: போர்க்கருவியிலிருந்து வந்த சொல்லும் ‘பொறியாளர்’ என்னும் தமிழும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) பற்றிய ஆவணங்களில் ‘சீஃப் எஞ்சினியர்’ என்னும் பதவிப்பெயர் அடிக்கடி வருகிறது. அதைத் ‘தலைமைப் பொறியாளர்’ என்று பெயர்ப்பதில் பிழையில்லை. ஆனால் தமிழ் வாசகர் மனத்தில் அது பொதுப்பணித் துறை அலுவலரையே நிறுத்துகிறது. அந்தக் காலத்துப் படையில் அச்சொல் குறித்தவர் வேறு.

இலத்தீனில் ‘இங்கேனியம்’ என்றால் பிறவி அறிவுத்திறன். இடைக்காலத்தில் அத்திறனால் ஆன கருவிக்கும், குறிப்பாகக் கோட்டை மதிலை உடைக்கும் கருவிக்கும், அதுவே பெயராயிற்று. அக்கருவியைச் செய்து இயக்கியவர் பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘எஞ்சினியர்’ ஆனார். 18-ஆம் நூற்றாண்டில், பாலமும் கலங்கரை விளக்கமும் கட்டிய ஜான் ஸ்மீட்டன் போன்றோர் தம்மைப் படையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டியிருந்ததால்தான் ‘சிவில்’ என்னும் அடைமொழி முன்னால் சேர்ந்தது. ‘எஞ்சின்’ சுருங்கி ‘ஜின்’ ஆனதும் உண்டு: கண்ணிக்கு அது பழைய பெயர், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ‘காட்டன் ஜின்’ என்பதிலும் உள்ளது அதுவே. அமெரிக்கத் தென் மாநிலங்களில் பருத்தி விளைச்சலையும் அடிமை முறையையும் பெருகச் செய்தது அந்த ஜின்தான்.

தமிழின் ‘பொறி’ ஏறத்தாழ இதே வழியில் நடந்திருப்பது வியப்பளிக்கிறது. எலிப்பொறியில் அது கண்ணி. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவலைச் சொல்லும் இடத்தில் ‘வளைவிற் பொறியும்’ என்கிறது. வளைந்து தானே அம்பெய்யும் எந்திர வில்லை அது குறிக்கும். ஆகவே பொறியை ஆள்பவர் ‘பொறியாளர்’ என்பது மூலச்சொல்லின் போர்க்களப் பொருளையும் தாங்கி நிற்கும் ஆக்கம். இலங்கையில் வழங்கும் ‘பொறியியலாளர்’ துறையை முன்வைக்கிறது. இன்றைய தொழிலுக்கு அது பொருந்தும், பழைய போர்த்தொழிலுக்குப் ‘பொறியாளர்’ என்பதே நெருக்கமானது. ‘எஞ்சின்’ என்பதும் ‘எந்திரம்’ என்பதும் ஒரே வேர் என்று சிலர் எழுதுகிறார்கள்; அது சரியன்று. எந்திரம் வடமொழி ‘யந்த்ர’ என்பதன் தமிழ் வடிவம். இலத்தீன் சொல்லோடு அதற்கு உறவில்லை.

உள்நாட்டுப் போரில் நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்புப் படையின் தலைமைப் பொறியாளர்களில் ஒருவரான சாமுவேல் லாக்கெட் செய்த பணியைப் பார்த்தால் சொல்லின் பழம்பொருள் தெளிவாகும். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள விக்ஸ்பர்க் நகரைச் சுற்றி, மேடுகளின் முகடுகளை அளந்து, சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மண் அரண்களைத் திட்டமிட்டவர் அவர். காற்றுக் கொண்டுவந்து படிந்த அவ்விடத்து மண் மண்வெட்டிக்கு எளிதில் இசையும். செங்குத்தாக வெட்டினாலும் சரியாமல் நிற்கும். 1863 மே 17 அன்று பிக் பிளாக் ஆற்றில் தம் படை தோற்றுப் பின்வாங்கியபோது, எளிதில் தீப்பற்றும் டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பருத்தியைப் பாலத்தில் முன்கூட்டியே குவித்து வைத்திருந்து, கடைசி நேரத்தில் கொளுத்தச் செய்தார். முற்றுகை தொடங்கியபின் வேலை மண்ணுக்கடியில் இறங்கியது: அரணை வெடிவைத்துத் தகர்க்க எதிரிகளான வட மாநிலப் படையினர் சுரங்கம் தோண்ட, இவர் எதிர்ச்சுரங்கம் தோண்டச் செய்ததோடு, தகர்ந்துவிடும் என்று கருதிய அரணுக்குப் பின்னால் இன்னொரு மண்சுவரையும் எழுப்புவித்தார். ஜூன் 25 அன்று சுமார் 1,000 கிலோ வெடிமருந்து அரணைப் பிளந்தபோது, உள்ளே பாய்ந்தவர்களை அந்தப் பின்சுவர்தான் தடுத்தது. ஜூலை 4 அன்று நகரம் சரணடைந்தது.

இத்தகைய பணிக்கு ‘படைப் பொறியாளர்’ என்பதே பொருத்தமான தமிழ். ‘கட்டடக் கலைஞர்’ முற்றிலும் வேறு தொழில். ‘இராணுவ இன்ஜினியர்’ என்று விட்டுவிடுவது சோம்பல்.

சொல்லைச் சரியாக வைத்தபின் வினையையும் சரியாக வைக்க வேண்டும். முற்றுகையின்போது தமக்கிருந்த வேலையாட்களை லாக்கெட்டே கணக்கிட்டுள்ளார்: சுரங்கப் படையினர் 26 பேர், கூலிக்கோ கட்டாயத்தாலோ கொண்டுவரப்பட்ட கறுப்பினத்தவர் 72 பேர்; அவர்களில் 20 பேர் நோயாளிகள். அவர்களை மேற்பார்க்கத் தனியே கங்காணிகளும் இருந்தனர். ஆகவே ‘லாக்கெட் அரண் கட்டினார்’ என்று தமிழில் எழுதுவது தகாது. ‘கட்டுவித்தார்’ என்னும் பிறவினை நம்மிடம் இருக்கிறது. அதையே எழுத வேண்டும்.